கைநாட்டின் மறுபிறப்பு

எங்களூரிலே 'கைநாட்டு' என்பது வெறுஞ் சொல்லன்று, ஒரு வசை. எழுத்தறியாத ஒருவர், உறுதியிலோ பற்றுச்சீட்டிலோ கையொப்பமிட வேண்டிய இடத்தில், இடக்கைப் பெருவிரலை மையில் ஒற்றிப் பதிப்பதைக் கைநாட்டு என்போம். "அவன் ஒரு கைநாட்டு" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் ஒருவனைத் தாழ்த்துவதற்குச் சொல் தேட வேண்டியதில்லை.

ஆசிரியத் தொழிலில் நான் அடியெடுத்து வைத்த ஆண்டில் என்னிடம் எழுத்துக் கற்ற முதல் மாணவர் என் தமக்கையாரே. தந்தையார் இறந்தபின், என்னைப் படிப்பிப்பதற்காகத் தாம் பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். கிடுகு பின்னியும், பனையோலைப் பெட்டி இழைத்தும், பிறர் தோட்டங்களிலே புல்லுப் பிடுங்கியும் உழைத்த கைகள் அவருடையவை. நெடுங்காலமாக அவர் தபாற்கந்தோரிலும் சங்கக்கடையிலும் கைநாட்டே வைத்து வந்தார். வைத்துவிட்டுப் பெருவிரலைச் சேலைத் தலைப்பில் மறைவாகத் துடைத்துக்கொள்வார். அந்த மறைவு எனக்கு நெஞ்சில் முள்ளாயிருந்தது. மூன்று மாதம், விளக்கு வைத்தபின், கற்பலகையிலே தம் பெயரை எழுதி எழுதிப் பழகினார். தபாற்கந்தோரிலே முதன்முறையாகப் பேனாவைப் பிடித்து ஒப்பமிட்டு வெளியே வந்த அன்று, அவர் என்னோடு ஒன்றும் பேசவில்லை. வீடு வரையும் எனக்கு முன்னே விரைந்து நடந்தார்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐரோப்பாவில் வாழும் மகன் வீட்டுக்குச் செல்ல அவருக்கு விசா வேண்டியிருந்தது. நானும் உடன் செல்வதாக ஏற்பாடு. விண்ணப்பம் பெறும் கந்தோருக்குப் போன அன்று, தம் கைப்பையிலே ஒரு புதுப் பேனாவை அவர் கவனமாக வைத்துக்கொண்டார். ஆனால் அங்கே முதலில் அவரைக் கேட்டது கையொப்பம் அன்று. பசிய ஒளி வீசும் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டி, அதன்மீது விரல்களை வைக்கும்படி ஒரு பெண் கூறினாள். தமக்கையார் வைத்தார். பொறி ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து மீண்டும் வைத்தார், அழுத்தி வைத்தார், அப்பெண்ணே பரிவோடு அவர் விரலைப் பிடித்து வைத்துப் பார்த்தாள். ஓலையும் மண்ணும் தேய்த்த விரல்களிலே பொறிக்குப் படிப்பதற்கு இரேகை எஞ்சியிருக்கவில்லை.

"கையெழுத்து வைச்சால் காணாதோ, தம்பி?" என்று அவர் என்னை நோக்கிக் கேட்டார்.

பல முறை முயன்றபின், கிடைத்த அரைகுறைப் பதிவோடு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எனினும் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. கைநாட்டை இழிவென்று கருதி அவரைக் கையொப்பத்துக்கு உயர்த்தியவன் நான். இன்று உலகமோ கையொப்பத்தைப் பொருட்படுத்தாது, பேராசிரியரிடமும் பெருவணிகரிடமும் கைநாட்டையே கேட்கின்றது. அது மாத்திரமன்று, விமான நிலையங்களிலே அதனை ஒரு சலுகையாக்கி, காசுக்கும் விற்கின்றது. இம்மாற்றத்தின் பொருள் யாது என்பதைப் பற்றியே இங்கு சில சொல்ல விரும்புகின்றேன்.

இரண்டு வரிசைகள்

எங்களை அழைத்துச் செல்ல மருமகன் ஊருக்கு வந்திருந்தான். மூவரும் ஒரே விமானத்தில் அந்நாட்டில் இறங்கினோம். எல்லைக் காவல் மண்டபத்தை அடைந்ததும் எங்கள் வழிகள் பிரிந்தன. ஒரு புறம், கண்ணாடிக் கதவுகள் பொருந்திய ஒடுக்கமான வாயில்கள் நின்றன. மருமகன் அவற்றுள் ஒன்றிலே கடவுச்சீட்டை வைத்தான், விரலை வைத்தான், கதவு திறந்தது. மூச்சு இரண்டு முறை வாங்கி விடும் நேரத்துக்குள் அவன் அப்பால் நின்றான். மறுபுறம், கயிறு கட்டி வளைத்து வளைத்து விடப்பட்ட நீண்ட வரிசையின் வாலிலே நாங்கள் இருவரும் நின்றோம். கண்ணாடிக்கு அப்பால் பொதிகளைக் காவல் காத்தபடி அவன் எங்களுக்காகக் காத்திருந்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாயும் மகனும் அக்கண்ணாடியினூடே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவன் நுழைந்த வாயிலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1993ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூயோர்க், நெவார்க் விமான நிலையங்களில், அடிக்கடி பயணஞ் செய்வோரின் கையின் வடிவை அளந்து அவர்களை விரைவில் விடும் திட்டமொன்று தொடங்கியது. 2001 ஒக்டோபரில், ஒல்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையம், ஆண்டுக் கட்டணம் செலுத்தும் உறுப்பினரின் கண்ணைப் பார்த்துக் கதவு திறக்கும் 'பிரிவியம்' என்னும் திட்டத்தைத் தொடக்கியது. பிரித்தானியா 2006இல் கண் பார்க்கும் வாயில்களைத் திறந்து, 2013இல் அவற்றை மூடிவிட்டது. அமெரிக்கா 2008இல் 'குளோபல் என்ட்ரி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஒருவர் விண்ணப்பித்துக் கட்டணஞ் செலுத்த வேண்டும், அவருடைய பழைய நடத்தை ஆராயப்படும், அதிகாரி நேரிற் கண்டு வினவுவார், விரலடையாளம் பெறப்படும். இவையனைத்திலும் தேறியவர் 'நம்பிக்கைக்குரிய பயணி' எனப்படுவார். ஐந்தாண்டுக்கு 100 டொலராக இருந்த அக்கட்டணம் 2024 ஒக்டோபரில் 120 டொலர் ஆயிற்று.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2024 செப்டெம்பர் முடிவதற்குள் சாங்கி விமான நிலையத்தின் நான்கு முனையங்களிலும், அந்நாட்டு வாசிகள் கடவுச்சீட்டை வெளியே எடுக்காமலே, முகத்தையும் கண்ணையும் காட்டிப் போகவும் வரவும் வழி செய்தது. 25 விநாடியாக இருந்த சராசரி நேரம் 10 விநாடியாகக் குறைந்தது என்று அந்நாட்டு அதிகாரிகள் கூறினர்.

இவ்வசதியை நான் குறைத்துப் பேச முன்வரவில்லை. பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்க்கும், முழங்கால் நோவோடு நிற்கும் முதியவர்க்கும் வரிசையின் நீளம் எத்தகையது என்பதை நின்றவர் அறிவர். ஐயத்துக்கு இடமில்லாதவர்களைப் பொறி விரைந்து விடுமாயின், அதிகாரியின் கவனம் கவனிக்க வேண்டியவர்மீது செல்லும் என்னும் வாதத்திலும் நியாயம் உண்டு.

பொறி அறிவதும் அறியாததும்

ஆயினும் பொறி எதனை அறிகின்றது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் நன்று.

விரல் நுனியை உற்று நோக்கினால், உழுத வயலின் சால்கள் போன்று சிறு மேடுகளும் பள்ளங்களும் தெரியும். அம்மேடுகள் சில இடங்களில் முடிவடையும். சில இடங்களில் இரண்டாகக் கிளைக்கும். அம்முடிவுகளும் கிளைகளும் எவ்விடத்தில், எத்திசை நோக்கி அமைந்துள்ளன என்பதைப் பொறி எண்களாக்கி, முன்னர்ப் பதிந்துள்ள எண்களோடு ஒப்பிடுகின்றது.

கண்ணின் முறை இதனினும் நுட்பமானது. கண்மணியைச் சூழ்ந்துள்ள நிறவளையத்தை எங்கள் விஞ்ஞான பாடநூல்கள் 'கதிராளி' என்று கூறும். அதன் இழைகளும் குழிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளின் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்குமே வேறுபடும். இரட்டைப் பிள்ளைகளிடத்தும் ஒத்திருப்பதில்லை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் டோக்மன் என்னும் அறிஞர், இவ்வளையத்தைச் செந்நிறக்கீழ்க் கதிரிலே படம்பிடித்து, ஆம், இல்லை என்னும் இரண்டே விடை கொண்ட 2048 குறிகளாக மாற்றும் கணித முறையை வகுத்தார். 1994இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வெவ்வேறு இரு கண்களின் குறிகளை ஒப்பிட்டால், நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாற்போல, ஏறத்தாழப் பாதி ஒத்தும் பாதி மாறியும் இருக்கும். மாறுபாடு மூன்றில் ஒரு பங்கினும் குறைந்தால், அது தற்செயலாக நிகழ்ந்திருக்க இயலாது. இரண்டும் ஒரே கண் எனத் துணியலாம். இது வியக்கத்தக்க அறிவுச் சாதனை.

ஆனால், இத்துணை நுட்பமும் விடையிறுப்பது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: "முன்னர் வந்தவரும் இப்பொழுது வந்திருப்பவரும் ஒருவரா?" என்பதே அக்கேள்வி. வந்திருப்பவர் நல்லவரா, எதற்காக வந்தார், அவரை நம்பலாமா என்பவற்றைப் பற்றிக் கதிராளியில் ஒரு குறியும் இல்லை. அதனை முன்னதாகவே ஒரு கந்தோரில், கடவுச்சீட்டின் நிறத்தையும் வங்கிக் கணக்கையும் பழைய பதிவுகளையும் பார்த்து மனிதர்கள் தீர்மானித்துவிடுகின்றனர். பொறி ஆளை அடையாளங் காண்கின்றது, நம்புவது வேறொருவர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேதான் தவறு தொடங்குகின்றது.

நம் இலக்கியங்களில் ஊறியவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அசோக வனத்திலே அநுமன் கொண்டுசென்ற கணையாழி ஓர் அடையாளம். எனினும் அதனைக் காட்டுமுன், மாயமோ என்று ஐயுற்ற சீதைக்கு அவன் தன்னைப் பற்றியும் இராமனைப் பற்றியும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. சொல்லினால் நம்பிக்கை வளர்ந்த பின்னரே கணையாழி அதற்கு முத்திரையாயிற்று. மதுரையிலோ, கோவலன் கையிலிருந்த சிலம்பு ஒன்றே போதுமான சான்றாயிற்று. அவனை எவரும் வினவவில்லை. பொருளைப் பார்த்து ஆளைத் தீர்ப்பிட்டதன் விளைவை நாம் அறிவோம்.

விரலின் பழங்கதை

கைநாட்டு எல்லைக் காவலுக்கு வந்த வழியும் சிந்திக்கத் தக்கது. 1858ஆம் ஆண்டிலே, வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹேர்ஷெல், தெருவுக்குக் கல் வழங்கும் ஒப்பந்தம் ஒன்றிலே, ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கையையும் மையிட்டுப் பதிப்பித்தார். யுரேனசுக் கோளைக் கண்ட வானியலறிஞரின் பேரன் இவர். ஒப்பந்தஞ் செய்தவர் பின்னர் "என் கையொப்பம் அன்று" என மறுத்துவிடுவாரோ என்னும் ஐயமே அப்பதிவுக்குக் காரணம். அவ்வகையில், நவீன விரலடையாளம் ஐயத்தின் வயிற்றிலே பிறந்தது எனலாம்.

வங்காளப் பொலிஸ் தலைவராயிருந்த எட்வேட் ஹென்றி, அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலரின் உழைப்பைத் துணைக்கொண்டு, இரேகைகளை வகைப்படுத்தும் முறையை நிறுவினார். 1897இல் கல்கத்தாவில் விரலடையாளக் காரியாலயம் எழுந்தது. 1901இல் அம்முறை இலண்டன் பொலிசாரிடஞ் சென்றது. இடையிலே, 1900இல், ஹென்றி தென்னாபிரிக்காவுக்கும் பொலிஸ் படையை ஒழுங்கு செய்ய அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் அம்மண்ணிலே விரலடையாளத்தை முன்னிட்டு ஒரு பெரும் போராட்டம் மூண்டது.

1906இல் திரான்சுவால் அரசு, ஆசியர் அனைவரும் பத்து விரலும் பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும் எனச் சட்டம் வரைந்தது. செப்டெம்பர் 11ஆம் திகதி யோகன்னஸ்பேர்க்கில், எம்பயர் அரங்கிலே கூடிய இந்தியர், அதற்குப் பணிவதில்லையெனச் சபதஞ் செய்தனர். சத்தியாக்கிரகத்தின் பிறப்பு அதுவே. அப்போராட்டத்தில் தமிழர் பெருந்தொகையாகச் சிறை சென்றனர். தம்பி நாயுடு காந்தியடிகளின் வலக்கை போல நின்றார்.

இதிலே பலரும் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. 1908 சனவரி முடிவில் ஜெனரல் ஸ்மட்சுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமே விரும்பிப் பதிவு செய்தால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் எனக் காந்தியடிகள் அதனை விளங்கிக்கொண்டார். பெப்ரவரி 10ஆம் திகதி அவர் பதிவுக் கந்தோருக்கு நடந்து சென்றபோது, இவர் விலைபோய்விட்டார் என எண்ணிய மீர் ஆலம் என்பவரும் தோழரும் அவரை அடித்து வீழ்த்தினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். காயத்தோடு கிடந்த காந்தியடிகள், பதிவதிகாரியைத் தம்மிடம் அழைத்து, அங்கேயே தம் விரலடையாளத்தைக் கொடுத்தார். பின்னர், அரசு சட்டத்தை நீக்காதபோது, 1908 ஓகஸ்ட் 16இல் ஆயிரக்கணக்கான சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன.

கட்டாயத்துக்குப் பணிந்து கொடுக்க மறுத்த அதே விரலை, விருப்பத்தால் கொடுக்க அவர் உயிரையும் பணயம் வைத்தார். விரல் ஒன்றே, மையும் ஒன்றே. கொடுப்பவரின் நிலையே வேறு. விமான நிலைய வாயிலை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்நிகழ்ச்சியே நினைவுக்கு வருகின்றது.

ஒரே கண், வேறு வாயில்

ஸ்கிபோலில் கண்ணைக் காட்டி விரைந்து செல்லும் வணிகருக்குக் கதவு திறந்த அதே 2001இலே, ஐக்கிய அரபு இராச்சியத்திலும் அதே டோக்மன் கணித முறை வேலைக்கு வந்தது. அங்கு அதன் நோக்கம் நேர்மாறு. நாடு கடத்தப்பட்டவர் வேறு பெயரில், வேறு கடவுச்சீட்டில் திரும்பி வராதபடி தடுக்க, அவர்களுடைய கண்கள் பதியப்பட்டன. தொழில் தேடி விசாவோடு வந்திறங்குவோரின் கண்கள் அப்பட்டியலோடு ஒப்பிடப்பட்டன. ஸ்கிபோலிலே கண்குறிகள் பயணியின் சொந்த அட்டையிலேயே இருந்தன. பொறி அட்டையையும் கண்ணையும் மட்டுமே ஒப்பிட்டது. வளைகுடாவிலே அவை அரசின் களஞ்சியத்தில் இருந்தன. அங்கே கண் உரிமையாளரின் கைப்பொருள். இங்கே அது காவலரின் கைப்பொருள். இலங்கையிலிருந்து வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் அங்கு செல்வோரின் தொகையை எண்ணும்போது, இவ்வேறுபாடு நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று.

2002இல், பெஷாவருக்கு அண்மையிலுள்ள தக்தா பெய்க் என்னுமிடத்தில், ஆப்கான் திரும்பும் அகதிகளின் கண்களை ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் சோதிக்கத் தொடங்கியது. உதவிப் பணத்தை ஒருவரே இருமுறை பெறாமற் காப்பது நோக்கம். ஐரோப்பாவிலோ, 2003 சனவரி 15 முதல், புகலிடங் கேட்டு வரும் 14 வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் பத்து விரலும் பதிக்க வேண்டும் என ஆயிற்று. 'யூரோடாக்' எனப்படும் அக்களஞ்சியத்திலே, முதலில் எந்நாட்டில் விரல் பதிந்ததோ அந்நாட்டுக்கே அகதியைத் திருப்பி அனுப்ப வழியுண்டு. அதற்கு அஞ்சி விரல் நுனிகளைத் தீயாற் சுட்டுக்கொண்டவர்களைப் பற்றி, பிரான்சின் கலே துறைமுகத்திலிருந்து செய்திகள் வந்தன. 2024இல் நிறைவேறிய புதிய சட்டம் அவ்வயதெல்லையை 6ஆகக் குறைத்திருக்கின்றது. ஆறு வயது! நம் பாடசாலைகளிலே முதலாம் வகுப்புப் பிள்ளை.

கண்ணின் கதையிலே ஒரு பெண்ணை மறத்தல் இயலாது. 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாமொன்றில் ஸ்டீவ் மக்கரி எடுத்த படம், 1985 யூனில் 'நஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகையின் அட்டையில் வெளிவந்து, அச்சிறுமியின் பச்சைக் கண்களை உலகெங்கும் அறியச் செய்தது. அவள் பெயரை உலகம் அறிய 2002 வரை சென்றது. ஷர்பத் குலா என்னும் பெண்ணை அவ்வாண்டிலே தேடிக் கண்டபோது, இரு காலத்துப் படங்களிலுமுள்ள கண்களை ஒப்பிட்டு, இவரே அச்சிறுமி என உறுதிப்படுத்தியவர் அதே ஜோன் டோக்மன். ஆனால் 2016இல், முறைகேடாக அடையாள அட்டை பெற்றார் என்று பாகிஸ்தானில் அவர் கைதுசெய்யப்பட்டு ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 2021இல் இத்தாலி அவருக்கு இடங் கொடுத்தது. உலகிலேயே மிக உறுதியாக அடையாளங் காணப்பட்ட கண்கள் அவருடையவை எனலாம். அவ்வுறுதி ஓர் எல்லையையேனும் அவருக்குத் திறந்ததில்லை.

மருமகனின் பத்து விரல்கள்

அன்றிரவு மருமகனின் வீட்டில், அவன் நுழைந்த வாயிலைப் பற்றி வியந்து பேசினேன். அவன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பின்னர் இரண்டு கைகளையும் மேசைமீது விரித்து வைத்தான்.

"பத்து விரலும் அப்பவும் இதுதான், மாமா," என்றான்.

அவன் 2004இல் அந்நாட்டுக்கு வந்தவன், அகதியாக வந்தவன். வந்த மறுநாள் ஒரு சிறு அறையிலே, கையுறை அணிந்த ஒருவர் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றி, ஒரு கண்ணாடியின்மீது உருட்டினாராம். எதற்கென்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவனுக்கு மொழி தெரியாது. அதன்பின் மூன்று ஆண்டு, எந்த வேளையிலும் திருப்பி அனுப்பப்படலாம் என்னும் அச்சத்தோடு, தன் விரல்களே தனக்கு எதிர்ச்சாட்சியாக எங்கோ கிடக்கின்றன என்று எண்ணியே உறங்கினானாம். பின்னர் புகலிடம் கிடைத்தது, வேலை கிடைத்தது, பல ஆண்டுகளின் பின் குடியுரிமையும் கிடைத்தது. குடியுரிமை பெற்றவரின் பதிவை யூரோடாக் அழித்துவிட வேண்டும் என்பது விதி. தொழில் நிமித்தம் அடிக்கடி பயணஞ் செய்பவனாதலால், விரைவு வாயில் திட்டத்தில் தானே விரும்பிச் சேர்ந்தான். இம்முறை விரலைப் பதித்தவர் புன்னகையோடு நன்றி கூறினாராம்.

"விரல் மாறேல்லை, மாமா, ஆளும் மாறேல்லை. கடவுச்சீட்டுத்தான் மாறினது."

இதற்கு மேல் ஒரு விளக்கம் வேண்டுமோ? நேற்று ஐயத்துக்குரியவனாயிருந்தவனும் இன்று நம்பிக்கைக்குரியவனாயிருப்பவனும் ஒருவனே என்பதைப் பொறி சிறிதும் பிழையின்றிச் சொல்லும். அவன் அன்றும் நம்பத்தக்கவனாகவே இருந்தான் என்பதைச் சொல்ல அதற்கு வாயில்லை.

நாம் கேட்கவேண்டியவை

பொறி வேண்டாம் என்பது என் கருத்தன்று. அது வந்துவிட்டது, இனிப் போகாது. எங்கள் நாட்டிலும் 2015 முதல் கடவுச்சீட்டுக்கு விரலடையாளம் பெறப்படுகின்றது. ஆகவே அதனை எந்நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்பதே நம் போன்றோர் கேட்கவேண்டிய கேள்வி.

விரலைக் கொடுப்பது உண்மையாகவே விருப்பத்தின்பாற்பட்டதா என்பது முதலாவது. பொது வரிசை தாங்கமுடியாதபடி நீளுமாயின், விரைவு வாயிலில் சேர்வதை விருப்பம் என்று கூறுவது பெயரளவிலேயே. இரண்டாவது, எதற்காகப் பெறப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுமா, காரியம் முடிந்ததும் அழிக்கப்படுமா என்பது. இழந்த திறப்புக்கு வேறு பூட்டு வாங்கலாம். இழந்த விரலுக்கு வேறு விரல் வாங்க முடியாது. அமெரிக்க அரசின் ஊழியர் பணியகத்திலிருந்து 56 இலட்சம் பேருடைய விரலடையாளங்கள் களவுபோனமை 2015இல் வெளியாயிற்று. அத்துணை பெரிய அரசின் களஞ்சியத்துக்கே அக்கதியாயின், ஏனையவற்றைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. மூன்றாவது, பொறி தவறும்போது அருகே ஒரு மனிதர் இருப்பாரா என்பது. பொறி எல்லாரிடத்தும் ஒருபடித்தாகத் தவறுவதில்லை. உழைத்துத் தேய்ந்த விரலும், முதுமையில் வறண்ட விரலும் அதற்குப் பிடிபடுவதில்லை. முகம் பார்க்கும் முறைகள் பலவற்றில், ஆபிரிக்கரையும் ஆசியரையும் ஒருவரை மற்றவராக மயங்கும் பிழை வெள்ளையரைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி என்று, 2019இல் அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனமே ஆராய்ந்து கூறியது.

அந்த மூன்றாவது கேள்வியை எனக்குக் கற்பித்தவர் என் தமக்கையாரே. மீண்டும் அம்மண்டபத்துக்கு வருகின்றேன்.

வரிசை நகர்ந்து நகர்ந்து, நாங்கள் அதிகாரியின் முன் நின்றோம். நடுத்தர வயதுப் பெண்மணி அவர். தமக்கையாரின் விரலை வைக்கச் சொன்னார். பொறி சிவப்பு விளக்கைக் காட்டியது. மற்றொரு விரல், அதற்கும் சிவப்பு. தமக்கையார் தம்மையறியாமலே பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தபாற்கந்தோரிலே கண்ட அதே செய்கை. எனக்கு உள்ளம் கலங்கியது.

அதிகாரி பொறியிலிருந்து கண்ணை எடுத்தார். எழுந்து, கண்ணாடித் துவாரத்தினூடாகக் கையை நீட்டி, தமக்கையாரின் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். என்ன தொழில் செய்தவர் என்று என்னைக் கேட்டார். தெரிந்த அளவு அந்நாட்டாருக்கு விளங்கும்படி, ஓலை பின்னுவதையும் தோட்டத்தையும் பற்றிச் சொன்னேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். நான் மொழிபெயர்க்குமுன்னரே, கேள்வியின் பொருளை எப்படியோ உணர்ந்துகொண்டு, தமக்கையார் கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகனைக் கையால் சுட்டினார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். மருமகன் அங்கிருந்து கையை அசைத்தான்.

கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது.

அப்பால் சென்று மகனின் கையைப் பற்றிக்கொண்டபின், "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, தம்பி," என்றார் தமக்கையார். "என்ரை கையைப் பார்த்தாள்."